புல்லைத் தின்பது யார்?

மலைக்கோட்டை உச்சியில் நின்று பார்த்தால் திருச்சியின் தண்ணீர்க் கணக்கு முழுவதும் கண்ணில் படும். வடக்கே காவிரி. அதைத் தாண்டினால் தென்னையும் வாழையும் சூழ்ந்த ஸ்ரீரங்கம், நடுவில் அரங்கன் கோயில் கோபுரங்கள். அதற்கப்பால் கொள்ளிடம். பச்சை பெரும்பாலும் இந்த இரண்டு ஆறுகளை ஒட்டியே நின்றுவிடுகிறது. தெற்கிலும் தென்மேற்கிலும் திரும்பினால் பாறைக் குன்றுகள், செம்மண், முள்மரங்கள். விராலிமலை, மணப்பாறை, வையம்பட்டி, கடவூர் என்று போகப் போக நிலம் வறண்டுகொண்டே போகும்.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு அந்தப் பக்கத்துக் காடு காடாகவே தெரிவதில்லை. ஸ்ரீரங்கத்தில் காடு என்று சொன்னால் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிற மேலணைக் காப்புக்காடு நினைவுக்கு வரும். மணப்பாறைப் பக்கத்துக் காட்டுக்குப் பேர் வெறும் முள்ளு. மாசி, பங்குனியில் அங்கே புகை எழுந்தால்கூட ‘முள்ளுதானே எரியுது’ என்று பஸ்ஸில் கடந்து போய்விடுகிறோம். இந்தப் பேச்சில் அலட்சியம் ஒரு பிழை என்றால், தகவலே தவறு என்பது இன்னொரு பிழை. அங்கே முதலில் எரிவது புல். முள்மரம் அதற்குப் பிறகுதான். இந்த ஒரு விஷயம் விளங்கினால் வேலங்காட்டின் தீயைப் பற்றிய மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

திருச்சியில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக வந்து முடிந்துவிடும். தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். அப்போதிருந்து வைகாசி வரை அவ்வப்போது இடியோடு ஒரு கோடை மழை வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இப்படிப்பட்ட நிலத்தில் நெடிய மரங்கள் அடர்ந்து நிற்க முடியாது. வெள்வேல், உடை என்கிற குடைவேல், உசில், விடத்தேரை, இலந்தை, சூரை, காரை, கிளுவை, சதுரக்கள்ளி ஆகியவைதான் இங்கே குடியிருப்பவை. இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட பட்டியலில் தென்னிந்திய முட்காட்டுக்கு ஓர் இடம் உண்டு. குடைவேல் காட்டுக்குத் தனியாகவே இன்னோர் இடம் கொடுத்திருக்கிறார்கள். தரிசு என்று நாம் சொல்வதற்கு அறிவியலில் பெயரும் முகவரியும் இருக்கிறது.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினெட் உலர்தாவரகத்தைத் தொடங்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ இந்த வறண்ட சமவெளியிலும் அதைச் சுற்றிய குன்றுகளிலும் செடி செடியாகச் சேகரித்து, ‘கர்நாடிக்’ எனப்படும் தமிழ்நாட்டுப் பகுதியின் தாவரங்களைப் பல பகுதிகள் கொண்ட பெருநூலாக 1980-களில் எழுதி முடித்தார். தமிழ்நாட்டின் வறண்ட காட்டில் வேலை செய்கிறவர் யாரானாலும் இன்றும் அந்த நூலைத் திறக்காமல் இருக்க முடியாது.

அவர் எழுதிய காலத்தில் வெள்வேலும் கருவேலும் அகேசியா என்ற பேரினத்தில் இருந்தன. இப்போது இல்லை. அந்தப் பேரினம் ஒரே குடும்பக் கிளை அல்ல என்று தெரிந்ததும் அதைப் பிரிக்க வேண்டி வந்தது. 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய மரங்களுக்குப் போய்விட்டது. அந்தப் பெயருக்கு மூல அடையாளமாக அதுவரை இருந்தது நம் கருவேலம். அது வாச்செல்லியா ஆயிற்று. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் நம் ஊரில் அவற்றுக்கு அன்றும் இன்றும் வேல் என்றுதான் பெயர். இந்தக் கட்டுரைக்கு அது போதும்.

இனி தீ. காய்ந்த புல் தாள் ஒன்று சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொள்ள ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். காலையில் பனியில் துவண்டு கிடந்த புல் நண்பகலுக்குள் வெடிமருந்துபோல ஆகிவிடுவது இதனால்தான். தொடையளவு தடித்த கட்டை ஒன்று அதே மாற்றத்தை அடைய ஆயிரம் மணி நேரம், அதாவது நாற்பது நாள் பிடிக்கும். தீத்தடுப்பில் இருப்பவர்கள் காட்டில் கிடப்பதையெல்லாம் இப்படி நேரத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். தீயைக் கொண்டு போவது ஒரு மணி நேரச் சரக்கு. மரம் அதன் வழியில் நிற்கிற ஒன்று, அவ்வளவுதான்.

ஜார்ஜ் பைரம் என்ற அமெரிக்க அறிவியலாளர் 1959-இல் தீயின் உக்கிரத்துக்கு ஒரு சூத்திரம் தந்தார். எரிபொருளின் வெப்பம், ஒரு சதுர மீட்டரில் எரியும் பொருளின் எடை, தீ நகரும் வேகம் இந்த மூன்றையும் பெருக்கினால் உக்கிரம் கிடைக்கும். வெப்பத்தை நம்மால் மாற்ற முடியாது. எந்தப் புல்லும் எந்த விறகும் ஏறக்குறைய அதே வெப்பத்தைத்தான் தரும். வேகம் காற்றின் கையிலும் சரிவின் கையிலும் இருக்கிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது களத்தில் உள்ளவர்களின் கணக்கு. துறையூருக்கு மேலே பச்சைமலைச் சரிவுகளில் தீ பற்றினால் கீழே இருந்து ஏறி அணைக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைச் சூழ்ந்த தீ 23 உயிர்களைக் கொண்டு போனது. காய்ந்த புல் மூடிய சரிவு அது. தீயைவிட வேகமாக மேலே ஓட யாராலும் முடியாது.

மூன்றில் மிச்சம் இருப்பது எடை. ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு புல் நிற்கிறது என்பது மட்டும்தான் மனிதன் கை வைக்கக்கூடிய இடம்.

சுடர் நாலடி உயரத்துக்கு மேல் போய்விட்டால் பச்சைக் கிளையையும் மண்வெட்டியையும் வைத்துக்கொண்டு அதன் முகத்துக்கு நேராக நிற்கக் கூடாது என்பது தீயணைப்பில் பாலபாடம். கணுக்கால் அளவுப் புல்லில் சுடர் தாழ்ந்தே இருக்கும், இரண்டு பேர் வேப்பங்கொத்தால் அடித்தே அணைத்துவிடலாம். இடுப்பளவுப் புல்லில் பத்துப் பேர் நின்றாலும் முடியாது. தீயின் கதை இவ்வாறு புல்லின் உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. வறட்சி கடுமையாக இருக்கும் ஆண்டில்தான் காடு அதிகம் எரியும் என்று நினைப்போம். ஈரமான மலைக்காட்டுக்கு அது பொருந்தும். அங்கே எரிபொருளுக்குப் பஞ்சமே இல்லை, உலர்வதற்குத்தான் வறட்சி வேண்டும். வேலங்காட்டில் நிலைமை தலைகீழ். உலர்வதற்குக் குறையே இல்லை, எல்லாக் கோடையிலும் அது உலர்ந்துதான் கிடக்கிறது. குறைவது எரிபொருள். மழை பொய்த்த ஆண்டில் புல் திட்டுத்திட்டாக நிற்கும், நடுவில் வெறும் மண் இருக்கும், தீ தாண்ட வழியில்லாமல் அவிந்துபோகும். ஐப்பசியில் அடைமழை பெய்து புல் திட்டோடு திட்டு சேர்ந்துகொண்டால் அடுத்த பங்குனியில் ஒரு பீடித்துண்டு போதும். நல்ல மழைக்குப் பின் வரும் கோடையே இந்தக் காட்டுக்குக் கெட்ட கோடை.

பீடித்துண்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் கோடையில் மழையில்லாத மின்னலால் காடு பற்றுவது அரிது. இந்தியாவில் காட்டுத்தீ ஏறக்குறைய எல்லாமே மனிதன் வைத்ததுதான், தெரிந்தோ தெரியாமலோ. சாலையோரத்தில் எறிந்த தீக்குச்சி, வயலோரம் வைத்த தீ, தேன் எடுக்க மூட்டிய புகை, துளிர்ப்புல் வரட்டும் என்று மேய்ச்சல்காரர் வைப்பது என்று பட்டியல் நீளும். கடைசியில் சொன்னவரை மட்டும் குற்றவாளியாக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு வருவேன்.

தீ கடந்து போன பிறகு வேலங்காட்டில் என்ன நடக்கிறது? புல்தீ வேகமாகப் போய்விடும். மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது, நாலு விரல் ஆழத்தில் சூடு பெரிதாக ஏறுவதில்லை. வேர் பிழைத்துக்கொள்ளும். வேல இனத்து விதைகளுக்குத் தோல் கெட்டி. மேலே கிடந்த விதை வெந்துபோகும். மண்ணுக்குள் சற்றே புதைந்த விதையின் தோலில் வெப்பம் விரிசல் விழச் செய்யும், மழை வந்ததும் அது முளைக்கும். ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்தாலும் இதே பலன் கிடைக்கும். பெரிய மரத்துக்குத் தடித்த பட்டை இருக்கிறது, தழை சுடருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆக, பெரியவர்களும் விதைகளும் தப்பிவிடுவார்கள்.

மாட்டிக்கொள்வது இளங்கன்று. இடுப்பு உயரக் கன்று தீயில் தரையோடு கருகும். வேல மரக் கன்றுகளில் பல அடுத்த மழையில் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மூன்றாம் ஆண்டு மறுபடி தீ வந்தால் மறுபடி தரையோடு போகும். ஆளுயரத்தைத் தாண்டி, சுடருக்கு மேலே தலையைத் தூக்கும்வரை இந்தக் கண்ணியிலிருந்து அதற்கு விடுதலை இல்லை. ஆப்பிரிக்கச் சவன்னாவில் வயது முதிர்ந்த வேர் மேல் இளங்கிளை நிற்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அடிக்கடி எரியும் காட்டில் பெரிய மரம் இருக்கும், குருத்து இருக்கும், நடுத்தலைமுறை இருக்காது. பெரியவை விழும்போது இடத்தை நிரப்ப ஆள் இல்லை. காடு செத்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும், அதற்குள் அரை நூற்றாண்டு போயிருக்கும்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. வேல மரத்தின் வேர் முடிச்சுகளில் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. 200 டிகிரி வெப்பத்துக்கு மேல் சருகிலும் புல்லிலும் இருக்கும் நைட்ரஜன் ஆவியாகப் போய்விடும். சாம்பலில் பொட்டாசியம் இருக்கும், பாஸ்பரஸ் இருக்கும், அதனால்தான் எரித்த நிலம் முதல் ஆண்டு செழிப்பாகத் தெரிகிறது. வேல மரம் ஆண்டுக்கணக்கில் சேர்த்த நைட்ரஜன் ஒரு மதியத்தில் போய்விட்டது என்பதை அந்தச் செழிப்பு மறைத்துவிடும்.

இப்போது திருச்சிக்கு மேற்கே கரூருக்குப் போவோம். அரவக்குறிச்சி, மூலனூர், வெள்ளகோவில், காங்கயம் வரை விவசாயிகள் வைத்திருக்கும் மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். சொந்தப் பட்டா நிலம். சுற்றிலும் முட்கிளுவை உயிர்வேலி, உள்ளே இடைவெளி விட்டு வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடும் ஆடும் பட்டி மாற்றிப் பட்டி மேயும். கோடையில் வெள்வேலங்காய் உதிரும்போது அதுவே தீவனம். வறண்ட வேலங்காட்டின் மூன்று அடுக்குகளையும் அப்படியே எடுத்து, வேலி போட்டு, வீட்டுச் சொத்தாக்கியது போன்றது கொறங்காடு. கோடை முழுவதும் காய்ந்த புல் நிற்கும் நிலம் அது. அங்கே பெருந்தீ ஒரு பிரச்சினையாக இல்லை. பங்குனிக்குள் புல்லைக் குளம்புகளும் பற்களும் தீர்த்துவிடுகின்றன.

அதே கொழுக்கட்டைப் புல்லை ஆஸ்திரேலியாவுக்கு 1870-களில் ஒட்டகம் ஓட்டிப் போனவர்கள் சேணத்துக்குள் திணித்த வைக்கோலோடு கொண்டு சேர்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பிறகு மேய்ச்சலுக்காக வேண்டுமென்றே பரப்பினார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் மண்ணரிப்பைத் தடுக்கவும் மாட்டுத் தீவனத்துக்காகவும் 1930-களிலும் 40-களிலும் விதைத்தார்கள். இன்று இரண்டு இடத்திலும் அது மிகக் கொடிய களை. அரிசோனாப் பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவில் வெறும் மண் இருந்தது, தீ நகர வழியே இருந்ததில்லை. அந்த இடைவெளியைக் கொழுக்கட்டைப் புல் நிரப்பிவிட்டது. தீயைக் கண்டே அறியாத சகுவாரோக் கள்ளிகள், நூறு ஆண்டுக்கு மேல் நின்றவை, அங்கே கருகுகின்றன. புல்லில் எந்த மாற்றமும் இல்லை. அதைத் தின்ன ஆளில்லாத சரிவுகளில் தீ வந்து தின்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி இதையே பெரிய அளவில் காட்டியது. 1890-இல் அங்கே மாட்டுக் கொள்ளைநோய் பரவி மாடுகளும் காட்டு மாடுகளும் குவியல் குவியலாக மாண்டன. புல் மேய்வாரின்றி நின்றது, தீ பெருகிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சுற்றுவட்டாரத்துக் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட்டு நோயை ஒழித்தபின் வில்டபீஸ்ட் என்னும் காட்டு விலங்கு சுமார் 3 லட்சத்திலிருந்து 13 லட்சமாகப் பெருகியது. அவை புல்லைத் தின்றன, தீயின் பரப்பு சுருங்கியது, வேல மரங்கள் மறுபடி எழுந்தன. ஊசி போட்டது மாட்டுக்கு. வளர்ந்தது காடு.

இந்த வெளிச்சத்தில் நம் கடவூரைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான். தேவாங்கு கால் கிலோ அளவே இருக்கும், இரவில் பூச்சி தேடும், பகலில் முள் அடர்ந்த மரத்தில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்கும். 1990-களின் பிற்பகுதியில் அய்யலூர்க் காட்டில் அன்னா நெகாரிஸ் அவற்றை இரவு இரவாகத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதிய பிறகுதான் இந்த முள்ளுக்காட்டின் மதிப்பு உலகுக்குத் தெரிந்தது. தேவாங்குக்குப் பாய்ந்து தாவத் தெரியாது. கிளையைப் பிடித்துப் பிடித்துத்தான் அடுத்த மரத்துக்குப் போகும். நடுத்தலைமுறை மரங்கள் இல்லாத காட்டில் அதற்குப் பாதையே இல்லை. பகல் தீயில் தூங்குகிற தேவாங்கு என்ன செய்யும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதே 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. எல்லாக் காட்டுக்கும் என்று வந்த உத்தரவு அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கப்பட்டது. ஆனைக்கும் புலிக்கும் இடமான ஈரக் காடுகளில் இதற்கு வலுவான நியாயம் இருக்கலாம். வேலங்காட்டில் யோசிக்க வேண்டும். மாட்டை முழுக்க வெளியேற்றிவிட்டுப் புல்லை யார் தின்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால், பதிலைத் தீ சொல்லும். மறுபுறம், கட்டுப்பாடின்றி ஆடு விட்டால் ஒரு கன்றும் மிஞ்சாது, அதுவும் உண்மை. பட்டி மாற்றும் கொறங்காட்டு முறையில்தான் நடுவழி இருக்கிறது. கன்று ஆளுயரம் வரும்வரை ஒரு பகுதியை மூடி வைப்பது, மற்ற பகுதியில் மழை முடிந்து மாசிக்குள் மாடுகளை மேயவிட்டுப் புல்லைக் குட்டையாக்குவது என்ற ஏற்பாட்டை மணப்பாறைச் சந்தைக்கு மாடு ஓட்டிவரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். மேய்ச்சல்காரரை எதிரியாக்கினால் அவர் கையில் இருக்கும் தீப்பெட்டி மட்டும் மிஞ்சும். கூட்டாளியாக்கினால் அவருடைய மந்தை மிஞ்சும்.

முன்கூட்டியே நாமே எரித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளிகப் பழங்குடியினர் பருவத்தின் தொடக்கத்திலேயே சருகுக்கு மென்தீ வைத்துக் காட்டைப் பேணினார்கள், தடை வந்தபின் உண்ணிச்செடி மண்டியது என்று அவர்கள் சொல்வதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கண்ணில் எல்லாத் தீயும் குற்றம்தான், அது சரியான பார்வை அல்ல என்பதே என் கருத்தும். ஆனால் அந்த மலையின் அனுபவத்தை மணப்பாறைக்குத் தூக்கி வர முடியாது. இங்கே தையில் எரித்தால் ஐந்து மாதம் மண் வெறுமையாகக் கிடக்கும். முதல் கோடைமழை இடியோடு கொட்டும்போது செம்மண் கரைந்து ஓடும். புல்லை எரித்துக் குறைக்கும் அளவுக்கு இந்த நிலத்தில் நைட்ரஜன் மிச்சமும் இல்லை. இங்கே தீ வைப்பதற்குத் தகுந்த இடம் தீத்தடுப்புக் கோடு மட்டும்தான். பனி இருக்கும்போதே இரு ஓரமும் செதுக்கி, நடுவில் உள்ள புல்லை ஆட்கள் நின்று எரித்துவிடுவது நெடுங்காலமாக நடந்துவரும் முறை.

சீமைக்கருவேலம் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1870-களில் சென்னை மாகாணத்துக்கு விறகுக்காக வந்த மரம் அது. அடர்ந்த புதருக்கடியில் புல் முளைக்காது, ஆகவே தீ பரவாது என்று ஒரு வாதம் உண்டு. அது பாதி உண்மை. புல்லோடு வெள்வேலும் முளைக்காது, தேவாங்குக்குப் பூச்சியும் குறையும். தீ வைத்து அதை ஒழிக்கலாம் என்பது முழுப் பொய். அதன் மொட்டுகள் மண்மட்டத்துக்குக் கீழே அடித்தண்டில் உறங்குகின்றன. எரித்தாலும் அறுத்தாலும் ஒரு தண்டு போன இடத்தில் பத்துத் தண்டு கிளம்பும். மண்ணைத் தோண்டி, அந்த உறங்கும் மொட்டுப் பகுதிக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டும். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊரெங்கும் இயந்திரம் வைத்து அறுத்தார்கள். மேலே மட்டும் அறுத்த இடங்களில் புதர் முன்னைவிட அடர்ந்தது. 2022-இல் அரசு வெளியிட்ட அயல்தாவரக் கொள்கை, அகற்றிய இடத்தில் நாட்டு மரங்களை மீட்க வேண்டும் என்கிறது. அந்த இரண்டாம் பாதியைச் செய்யாவிட்டால் வெட்டவெளியான இடத்தில் முதலில் புல் வரும், அதன் பின்னால் தீ வரும்.

செயற்கைக்கோள் இப்போது உதவுகிறது. இந்திய வன அளவைத் துறை 375 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகத் தீப்புள்ளிகளைப் பார்த்து வனத்துறையினரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் செய்தி வரும்போது புல் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். வேலங்காட்டில் தீயணைப்பு என்பது தீ வருவதற்கு மூன்று மாதம் முன்பே செய்யும் வேலை.

ஐப்பசி, கார்த்திகை மழையை அளக்கும்போதே அடுத்த கோடையின் தீ எவ்வளவு பெரிது என்பது தெரிந்துவிடும். மழை நிறைந்த ஆண்டில் வனத்துறை தீக்காவலர்களைத் தை முதல் தேதியிலேயே வேலைக்கு எடுக்க வேண்டும், கோடுகளைப் பனி காய்வதற்குள் வெட்டி முடிக்க வேண்டும், மந்தைகளுக்கு உரிய பகுதியைத் திறந்துவிட வேண்டும். மணப்பாறைச் சாலையில் போகிற நாம் மாசி முதல் வைகாசி வரை அணையாத எதையும் ஜன்னலுக்கு வெளியே எறியாமல் இருக்க வேண்டும். புகை தெரிந்தால் வண்டியை நிறுத்தி 101-க்கோ 112-க்கோ சொல்லுங்கள்.